விளக்குக்காரிக்கு இரண்டு மதிப்பெண்

ஜூன் 9, ஞாயிறு மதியம்

அன்புள்ள பெட்டிக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. புது ஊர்த் தண்ணீரில் முடி கொட்டுகிறது என்று போன கடிதத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். கொட்டட்டும். நீ இங்கே இருந்த வரை எங்கள் வீட்டுக் குளியலறையில் அடைத்தது போதும்.

உப்புக் கோட்டை ஆட்டத்தை இன்று கம்ப்யூட்டரில் முடித்துவிட்டேன். நாற்பத்தொரு மணி நேரம். உனக்கு அறுபது ஆகியிருக்கும். வழியில் கிடக்கிற பானை, பீப்பாய், பெட்டி எதையும் திறந்து பார்க்காமல் நகராதவள் அல்லவா நீ. உனக்கு அந்தப் பெயரை வைத்ததில் எனக்கு இன்றும் பெருமை. எல்லா ஆட்டத்திலும் வைத்தியர் வேடத்தையே எடுக்கிறேன் என்பதற்காக நீ எனக்கு வைத்த பெயரில் அத்தனை கற்பனை இல்லை.

நீல நோட்டை எடுத்து வழக்கம்போல மூன்று கட்டம் போட்டேன். எழுத்து ஏழு, துணை ஒன்பது, ஆட்டம் நான்கு.

எழுத்துக்கு ஏன் ஏழு என்றால், அந்த மந்திரி. நான்கு பதில்களை நம் முன்னால் வைத்துவிட்டு, எதைச் சொன்னாலும் அடுத்து ஒரே வசனத்தைத்தான் பேசுகிறார். நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்கு வருகிற சில அம்மாக்கள் இப்படித்தான். "உனக்கு எது புடிச்சிருக்கோ அதை எடுத்துக்கோ" என்று மகளிடம் சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பி, "அந்தக் கறுப்பு ஃபிரேமையே போட்டுடுங்க" என்பார்கள்.

துணைக்கு ஒன்பது, கிழட்டுப் படகோட்டிக்காக. மற்ற ஆட்டங்களில் கூட வருகிறவர்கள் இரண்டு பரிசு கொடுத்தால் உருகி, மூன்றாவதில் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறார்கள். இவர் நான் கொடுத்த வெள்ளிக் கத்தியை வாங்கி ஆற்றில் போட்டார். "இதுக்கு பதிலா நேத்து நான் பேசினப்ப காது குடுத்திருக்கலாம்" என்றார். உண்மைதான். நேற்று அவர் பேசும்போது நான் டீ போடப் போயிருந்தேன்.

ஆட்டத்துக்கு நான்கே அதிகம். ஓர் எலியைக் கொல்ல எட்டு நிமிடம். அடி, காத்திரு, அடி, காத்திரு. டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போல.

நோட்டின் முதல் பக்கத்தில் நீ பச்சை மையில் எழுதிய விதிகளை மறுபடி படித்தேன். முடிக்காமல் மதிப்பெண் போடக் கூடாது. போட்டதை அடிக்கக் கூடாது. நம் இருவர் மதிப்பெண்ணுக்கும் நடுவே மூன்றுக்கு மேல் இடைவெளி வந்தால், குறைத்துப் போட்டவள் முதலிலிருந்து மறுஆட்டம் ஆட வேண்டும். எழுதின நீதான் மூன்றாவது விதியில் அதிகம் மாட்டியிருக்கிறாய். இதையெல்லாம் ஃபோனில் பேசக் கூடாது என்பது எழுதாத நான்காவது விதி. நீ அதை மீறாமல் இருப்பதே எனக்கு ஆச்சரியம்.

உன் நாற்காலியில் இப்போது அண்ணி உட்காருகிறார். அண்ணன் ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பியதும் வந்துவிடுவார். உப்புக் கோட்டையில் இளவரசனைப் பார்த்ததும், "இவனை எதுக்குக் காப்பாத்தணும்? முழியே சரியில்ல" என்றார். பாதாளத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். நாற்காலியின் குட்டைக் காலுக்கு நீ மடித்துச் செருகிய அட்டை அப்படியே இருக்கிறது. ஆடவில்லை.

உன் மதிப்பெண்ணை எழுது.

உன்
வைத்தியர்


ஜூன் 21

என் வைத்தியருக்கு,

எழுத்து எட்டு, துணை ஒன்பது, ஆட்டம் ஆறு. ஐம்பத்தெட்டு மணி நேரம்தான், அறுபது இல்லை. அந்த எலி உனக்கு எட்டு நிமிடம் எடுத்ததற்குக் காரணம் ஆட்டம் அல்ல. வைத்தியர் வேடத்தில் போய் எலிக்கு எதிரே நின்றால் அது என்ன செய்யும், நாடி பிடித்துப் பார்க்கக் கையை நீட்டுமா?

இங்கே என் வேலை என்னவென்று அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. "கம்ப்யூட்டர் பொம்மைக்கு வசனம் எழுதறா" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். அது தப்பும் இல்லை. ஆறு மேசை, ஒரே ஜன்னல், அந்த ஜன்னலையும் ஏசியின் முதுகு அடைத்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் முழுக்க "வா, போகலாம்" என்பதை நாற்பது விதமாக எழுதினேன். கதவைத் திறக்கும்போது, காயம்பட்டிருக்கும்போது, மழையில், கோபத்தில். இருபத்தைந்தாவதுக்கு மேல் எனக்கே எங்கேயாவது போய்விடலாம் போலிருந்தது.

அடுத்த மேசைக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவளும் துணைகளைத்தான் எழுதுகிறாள். ஆனால் ஆடும்போது பேச்சு வந்தால் ஸ்பேஸ்பாரைத் தட்டித் தட்டித் தாண்டிவிடுவாளாம். "சண்டை நல்லா இருந்தா ஆளைத் தானா பிடிச்சிடும். கூட நின்னு அடி வாங்கினவளை நம்ப எனக்கு வசனம் வேணுமா?" என்கிறாள். ஒரு சாயங்காலம் முழுக்க இதைச் சண்டை போட்டோம். அடுத்த மேசைக்காரி பிஸ்கட்டைப் பாதியாக உடைத்துத்தான் தருவாள், முழுசாகத் தரமாட்டாள். அடுத்த மேசைக்காரிக்குப் படகோட்டி மேல் மரியாதையே இல்லை. ஆனாலும் யோசிக்க வைக்கிறாள். ஆட்டத்துக்கு நான் ஆறு போட்டது அவளால்தான்.

உன்னைப் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறேன். வைத்தியர் என்ன சொல்வார் என்று இப்போது அவளே என்னைக் கேட்கிறாள்.

இன்னும் நான்கு பக்கம் இதோடு இணைத்திருக்கிறேன். எல்லாம் இந்த மாதம் அவளோடு ஆடிய சின்ன ஆட்டங்களைப் பற்றி. நிதானமாகப் படி.

என் நாற்காலியா? சரி. அண்ணிக்கு என் அன்பு. ஆடாமல் இருப்பதில் மகிழ்ச்சி.

உன்
பெட்டி

பின்குறிப்பு: அண்ணி நாற்காலியை எந்தப் பக்கம் போட்டுக்கொண்டு உட்காருகிறார், மவுஸ் பக்கமா, ஜன்னல் பக்கமா? சும்மா கேட்டேன்.


ஜூலை 7

அன்புள்ள பெட்டிக்கு,

ஆறு பக்கக் கடிதம் கிடைத்தது. நன்றி. 'அடுத்த மேசைக்காரி' என்ற சொல் அதில் பதினோரு முறை வருகிறது. படகோட்டி மூன்று முறை. நான் நான்கு முறை, அதில் ஒன்று உறையின் மேல்.

எண்ணியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நாள் முழுக்க இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து, "முதல்ல வச்சதா, இப்ப வச்சதா, எது தெளிவா இருக்கு?" என்று கேட்பவள் நான். ஒப்பிடுவது என் பிழைப்பு. சிலர் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கிறது என்பார்கள். நான் விடமாட்டேன். இரண்டு ஒருபோதும் ஒன்றாக இராது. ஒன்று கொஞ்சமாவது மங்கலாகத்தான் இருக்கும்.

பேச்சைத் தட்டிவிட்டுப் போகிறவள் துணைகளுக்கு வசனம் எழுதுகிறாள் என்பது பல்லே தேய்க்காதவன் பற்பொடி விற்பது போலிருக்கிறது. அவள் சொல்லி நீ ஆட்டத்துக்கு ஆறு போட்டாய் என்பதை இரண்டு முறை படித்தேன். இத்தனை வருடமாக நான் சொல்லி நீ அரை மதிப்பெண் மாற்றியதில்லை. உருகாத படகோட்டி என்று உன்னைத்தான் நினைத்திருந்தேன். பாதி பிஸ்கட்டுக்கு உருகுவாய் என்று தெரிந்திருந்தால் பாக்கெட்டாகவே வாங்கி வைத்திருப்பேன்.

என்னைப் பற்றி அவளிடம் என்னென்ன சொன்னாய் என்று எழுதவில்லை. நானாக எதையும் யாரிடமும் சொல்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இருக்கட்டும்.

இங்கே புதிய செய்தி எதுவும் இல்லை. அண்ணி இப்போது சண்டைகளைத் தானே ஆடுகிறார். எனக்கு முன்னால் போய் நிற்கிறார், நான் பின்னால் நின்று காயம் ஆற்றுகிறேன். ஒழுங்காகப் போகிறது.

அங்கே நம் நீல நோட்டு மாதிரி உங்களுக்கும் ஏதாவது நோட்டு உண்டா?

வைத்தியர்


ஆகஸ்ட் 2

என் வைத்தியருக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, கூடவே வேறொன்றும் வந்தது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

நோட்டு இல்லை. சுவரில் வெள்ளைப் பலகை இருக்கிறது. மூன்று கட்டம்: எழுத்து, துணை, ஆட்டம். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது எல்லோரும் போடுகிறார்கள். முடிக்காமல் போட்டால் அந்த வாரம் டீக் கோப்பைகளை அவர்தான் கழுவ வேண்டும். நீ கோபப்படுவாய் என்று எழுதும்போதே தெரிகிறது. ஆனால் அதைச் செய்த அன்றுதான் இந்த அறை எனக்குக் கொஞ்சம் பழகின இடம் மாதிரி ஆயிற்று.

இப்போது ஓர் உதவி. இந்த உறையில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. எங்கள் ஆட்டத்தின் சோதனைப் பதிப்பு. வெளியாட்கள் பன்னிரண்டு பேருக்குக் கொடுக்கிறோம், ஒருத்தி நீ. பாழடைந்த சாலை ஒன்றில் ஒன்பது கூடாரம் போட்டுத் தங்கிக் கடல் வரை போக வேண்டும். கூட வர ஆறு துணைகள். ஐந்து பேருக்குத்தான் குரல் பதிவு செய்ய நேரம் இருக்கிறது. அதனால் பன்னிரண்டு பேர் மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி எடுத்து, கடைசியில் வருபவரை நீக்கிவிடுவார்கள். நீக்கினால் நீக்கினதுதான்.

யாரை யார் எழுதினார்கள் என்று நான் சொல்லக் கூடாது. நீயும் கேட்காதே. மதிப்பெண் தாளை நேராக அலுவலகத்துக்கு அனுப்பு, ஆகஸ்ட் கடைசிக்குள். பதிப்பு செப்டம்பர் 30 வரை திறக்கும், அதற்குப் பிறகு திறக்காது.

ஒரே ஒரு வேண்டுகோள். முடித்துவிட்டுப் போடு. சிலர் மெதுவாகத்தான் பேசுவார்கள்.

உன்
பெட்டி

பின்குறிப்பு: போன தடவை கேட்ட கேள்விக்குப் பதில் எழுதவில்லை நீ. பரவாயில்லை.


ஆகஸ்ட் 25

எழுத்தாளர் அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஆட்டத்தை முடித்து, தாளையும் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். பிரதி தங்களுக்கு.

எழுத்து எட்டு. ஆட்டம் ஆறு, பாலத்துச் சண்டையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே தெரியவில்லை. துணைகளில் கொல்லன் ஏழு, இரட்டையர் ஆளுக்கு ஆறு, ஊமைக் காவலாளி எட்டு.

வைத்தியப் பெண்ணுக்குப் பத்து. நம் நோட்டில் இதுவரை யாருக்கும் பத்து விழுந்ததில்லை. கட்டுப் போடுவதற்கு முன் துணியை முகர்ந்து பார்க்கிறாள். நன்றி சொன்னால் வேறு பேச்சுக்குத் தாவுகிறாள். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடுகிறது. யார் எழுதினார்கள் என்று நீ சொல்ல வேண்டியதே இல்லை. அத்தனை வருடம் உன் எழுத்தைப் படித்தவளுக்குத் தெரியாதா? படிக்கும்போது கண்ணில் நீர் வந்தது. அண்ணி பார்க்கவில்லை.

விளக்குக்காரிக்கு இரண்டு. ஒன்று விளக்குக்கு, ஒன்று எண்ணெய்க்கு. இவளை யார் எழுதினார்கள் என்பதும் தெரிகிறது. எடுத்த எடுப்பிலேயே வைத்தியப் பெண்ணைக் குத்துகிறாள். "உன் பக்கத்துல எப்பவும் யாராவது இருக்காங்க. பரவாயில்ல, நான் நின்னுக்கறேன்." யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. நேற்று வந்து சேர்ந்துவிட்டு, இருக்கிறவளுக்கு இடம் பார்த்துச் சொல்கிறாள். நீ என்னை எழுதிய பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, என்னை மட்டம் தட்ட ஒருத்தி வசனம் எழுதியிருக்கிறாள். நீயும் அதைப் படித்துவிட்டுச் சிரித்திருப்பாய்.

பிஸ்கட்டைப் பாதியாக உடைத்துத் தருகிற கை எழுதினால் இப்படித்தான் இருக்கும். கடைசி வரை அவள் மாறவே இல்லை. அவளை எடுத்துவிட்டால் ஆட்டத்துக்கு நல்லது.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைப் பெண்


செப்டம்பர் 12

வைத்தியருக்கு,

விளக்குக்காரியை நீக்கிவிட்டார்கள். அவளுக்கும் மேலே இருந்தவருக்கும் இடைவெளி அரை மதிப்பெண் கூட இல்லை.

இனி சொல்லலாம், எல்லாம் முடிந்தது. வைத்தியப் பெண்ணை எழுதியது நான் இல்லை. அடுத்த மேசைக்காரி. இத்தனை மாதமாக நான் உன்னைப் பற்றிப் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உன் ஃப்ரெண்டை நான் எழுதிப் பாக்கட்டுமா? நீ எழுதினா அவளைத் திட்டவே மாட்ட" என்றாள். துணியை முகர்வதும், கோபத்தில் மரியாதை கூடுவதும் நான் சொன்னவை. எழுத்து அவளுடையது. உன் பத்தை அவளிடம் காட்டினேன். அன்று முழு பிஸ்கட் கொடுத்தாள்.

விளக்குக்காரியை எழுதியது நான்.

அவள் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. 'சும்மா கேட்டேன்' என்று ஒரு பின்குறிப்பு எழுதினேனே, அது எழுதின வாரம் தொடங்கினேன். நீயும் அண்ணியும் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள் என்று படித்தபோது எனக்குள் எரிந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் அதன் கையில் ஒரு விளக்கைக் கொடுத்து நடக்க விட்டேன். அவள் வைத்தியரைக் குத்தவில்லை. வைத்தியர் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதைத் தவிர அவள் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது.

இன்னொன்று. சோதனைப் பதிப்பு நீங்கள் செய்வதை எல்லாம் குறித்து இங்கே அனுப்பிவிடும். உனக்கு அது தெரிந்திருக்காது. இரண்டாவது கூடாரத்தைத் தாண்டியதும் பாலத்தில் அவளை அனுப்பிவிட்டாய். ஆடத் தொடங்கி ஐம்பது நிமிடம். அனுப்பியவர்கள் திரும்பி வருவதில்லை. அவள் மூன்றாவது கூடாரத்திலிருந்துதான் மனம் விட்டுப் பேசத் தொடங்குவாள். 'கடைசி வரை மாறவே இல்லை' என்று தாளில் எழுதியிருக்கிறாய்.

முடிவு வருவதற்கு முன்பே அந்தப் பதிவைப் பார்த்தது அடுத்த மேசைக்காரி. அச்செடுத்து, மடித்து, என் கீபோர்டுக்கு அடியில் வைத்தாள். "இது உன் ஃப்ரெண்டோடது. சொன்னா அந்தத் தாளை எடுத்துடுவாங்க, உன் ஆளு தப்பிச்சிடுவா. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்" என்றாள். சொன்னால், நீ முடிக்காமல் மதிப்பெண் போட்டாய் என்று இந்த அறை முழுக்கத் தெரியும். மூன்று கட்டம் போட்ட அந்த வெள்ளைப் பலகைக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெட்டி


செப்டம்பர் 29, ஞாயிறு மாலை

பெட்டி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இன்றுதான் எழுத உரிமை வந்தது. இன்று மதியம்தான் ஆட்டத்தில் கடலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மறுஆட்டம் ஆடினேன். நீ ஆடச் சொல்லவில்லை. விளக்குக்காரிக்கு உன் மதிப்பெண் என்னவென்றும் எழுதவில்லை, மூன்றாவது விதியையும் நினைவூட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று முடித்திருந்தாய். கோபத்தில் மரியாதை கூடுவது எனக்கு மட்டுமில்லை போல. இடைவெளி மூன்றுக்கு மேல் இருக்கும் என்று நானே எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினேன்.

பொய் சொன்னேன். அதைச் சுற்றி வளைக்காமல் முதலில் எழுதிவிடுகிறேன். அவள் எப்படி முடிகிறாள் என்று தெரியாமலே, தெரிந்த மாதிரி எழுதினேன். நம் நோட்டில் நான் அப்படிச் செய்ததில்லை. அந்தத் தாளை எழுதும்போது எனக்கு ஆட்டமே கண்ணில் இல்லை. நீ பதினோரு முறை எழுதிய ஒரு பெயர்தான் இருந்தது. அவள் உன் பக்கத்தில் உட்காருகிறாள். உன் டீ ஆறுவதைப் பார்க்கிறாள். நீ சண்டையில் தோற்றால் உன் முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு வருவது உறைக்குள் மடித்து வந்த நீ. வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் யாரை அடிக்கிறோம் என்று பார்க்கவில்லை. அடித்தது உன்னை. தூக்கிக் கொண்டாடியது அவளை.

அலுவலகத்துக்கும் தனியாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஆட்டத்தை முடிக்காமல் மதிப்பெண் போட்டேன், என் தாளை எடுத்துவிடுங்கள் என்று நான்கு வரி. காரணம் எழுதவில்லை. பெயரைப் போட்டிருக்கிறேன். அந்த அறையில் எல்லோருக்கும் தெரியட்டும். காலம் கடந்துவிட்டது என்று தெரியும்.

இனி ஆட்டம்.

விளக்குக்காரி பாலத்தில் வந்து நின்றபோது அண்ணி, "இவளைத்தானே போன தடவை கழட்டி விட்ட? இப்ப எதுக்குக் கூட்டிக்கற?" என்றார். மூன்றாவது கூடாரத்தில் விளக்குக்காரி எல்லோருடைய மூட்டையையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் கட்டி வைத்தாள். அண்ணி திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "ஏம்மா, இது உன் பெட்டி மாதிரியே இல்ல?" என்றார். அண்ணி உன்னைப் பார்த்தது இரண்டே முறை. ஒருமுறை கல்யாணத்தில், பந்தியில். அவருக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. நான் ஊராருக்குக் கண் பார்க்கிறவள்.

ஐந்தாவது கூடாரத்தில் வைத்தியப் பெண்ணுக்குப் பக்கத்து மரக்கட்டை ஆடுகிறது. விளக்குக்காரி தட்டையான ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்து அதன் அடியில் செருகுகிறாள். உட்கார்ந்து பார்க்கிறாள். ஆடவில்லை. எழுந்துவிடுகிறாள். இரட்டையரில் ஒருத்தி அங்கே உட்கார வந்ததும், "அங்க உட்காராதீங்க, ஆடும்" என்கிறாள். அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நாற்காலியின் கீழே குனிந்து பார்த்தேன். லென்ஸ் பெட்டி அட்டை. ஒரு பக்கத்தில் உன் கையெழுத்தில் 'இழுக்காதே' என்று இருக்கிறது. நான்கு வருடமாக அதைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன், படித்ததில்லை.

ஒன்பதாவது கூடாரத்தில் அவள் கேட்டாள். "நான் போனப்புறம் என் இடத்துல யாரு உட்கார்ந்தாங்க?" நான்கு பதில் வந்தது. யாரும் இல்லை. யாராக இருந்தால் உனக்கென்ன. இடம் என்று ஒன்று இருந்ததா. கடைசியில், பேசாமல் இரு. நான்கும் என் பதில் இல்லை. எழுத்தில் அதற்கு ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

என் பதில் இது. ஜன்னல் பக்கம். மவுஸ் பக்கம் நான்தான். அண்ணி நீ உட்கார்ந்த அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து உட்காருகிறார், முழங்கையால் என்னை இடிக்காமல். அவர் சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன். அவர் எழுந்து போனதும் நாற்காலியைத் திருப்பி, நீ விட்டுப்போன கோணத்தில் வைக்கிறேன். ஜூனில் கேட்டாய். உனக்குக் கொஞ்சம் எரியட்டும் என்றுதான் எழுதாமல் விட்டேன். அதுவும் உண்மை.

நோட்டில் போட்டது: எழுத்து ஒன்பது. ஆட்டம் ஆறு, மாற்றமில்லை, பாலம் இப்போதும் குழப்பமாகத்தான் இருக்கிறது. விளக்குக்காரிக்குப் போட்ட இரண்டை அடிக்கவில்லை. விதி. பக்கத்தில் எட்டு எழுதியிருக்கிறேன். பத்து போட்டால் அது லஞ்சம். கேட்க வேண்டியதை ஒன்பதாவது கூடாரம் வரை கேட்காமல் வைத்திருந்தாளே, அதற்காக இரண்டு குறைவு.

வைத்தியப் பெண்ணின் பத்தும் அப்படியே இருக்கிறது. அவளிடம் சொல். எழுதியவள் கை சுத்தமான கை என்று சொல். வயிறு இன்னும் எரிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்.

நாளைக்கு மேல் இந்த ஆட்டம் திறக்காது. கடற்கரையில் விளக்கைத் தரையில் வைத்துவிட்டு அவள் நிற்கிற இடத்தில் சேவ் செய்து மூடினேன்.

வைத்தியர்


அக்டோபர் 14

என் வைத்தியருக்கு,

அலுவலகத்துக்கு நீ எழுதிய நான்கு வரி வந்தது. முடிவு மாறவில்லை. நேற்றிலிருந்து குரல் பதிவு நடக்கிறது, ஐந்து பேருக்கு. வெள்ளைப் பலகையில் உன் பெயருக்கு நேரே 'ஒரு வாரம் கோப்பை கழுவ வேண்டும்' என்று யாரோ எழுதிவிட்டார்கள். உனக்குப் பதில் அடுத்த மேசைக்காரி கழுவிக்கொண்டிருக்கிறாள். இரண்டு உடைந்துவிட்டன. வயிற்றெரிச்சலைச் சொன்னேன். தனக்கும் உண்டு என்றாள், எதற்கென்று சொல்லவில்லை.

பெருக்கும்போது பார்த்துக்கொள். அந்த அட்டை இந்நேரம் நசுங்கியிருக்கும். புதிதாக ஒன்று மடித்துச் செருகு. அண்ணி விழுந்துவிடப் போகிறார்.

உன் கடிதத்துக்கு என் மதிப்பெண்.

எழுத்து எட்டு. ஜூலையில் எழுதிய பற்பொடி வசனத்துக்கு நிகராக இதில் எதுவும் இல்லை.

ஆட்டம் ஐந்து. ஒன்பதாவது கூடாரத்தில் சேவ் செய்துவிட்டு நான்கு பதிலையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்திருப்பாய். எனக்குத் தெரியும்.

துணை, இன்னும் முடிக்கவில்லை. முடிக்காமல் நான் போடுவதில்லை.

பெட்டி